குளித்தும் போகாத நாற்றம்: பொன்னி என்கிற ஸ்பேனியலின் நிகழ்வு ஆய்வு

“வாரத்துக்கு ரெண்டு தடவை குளிப்பாட்டுறேன் தம்பி. குளிச்ச அன்னிக்கு நல்லா இருக்கா. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள அதே நாத்தம் திரும்ப வந்துடுது. இனிமே தினமும் குளிப்பாட்டிடலாமான்னு பார்க்கிறேன்.”

பொன்னியின் வாரைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்ற பெரியவர் சொன்னது இது. குரலில் சலிப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது. வளர்ப்பு நாய்களுக்கு முடி திருத்தி, குளிப்பாட்டி, நகம் வெட்டும் க்ரூமிங் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்படி ஒரு புகாரோடு வருகிறவர்களில் அக்கறை இல்லாதவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. அக்கறை நிறையவே இருக்கும். ஆனால் அத்தனையும் நாயின் முதுகிலேயே செலவாகிவிடும். நாற்றம் வேறு எங்கேயோ இருக்கும். பொன்னிக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான். பெரியவரிடம் கேட்டேன். தன் பெயர் வேண்டாம், நாயின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

வீட்டில் நடந்தது

பொன்னி ஆறு வயதுப் பெண் நாய். காக்கர் ஸ்பேனியல், பொன்னிற முடி, எடை 13.5 கிலோ. இரண்டு வயதில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். ஸ்பேனியல்களில் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு முடியின் தன்மையே மாறுவது உண்டு. பட்டு போல வழுக்கி விழுந்த முடி, பஞ்சு போலச் சுருண்டு அடர்ந்து வளர ஆரம்பிக்கும். சிக்கும் அதிகம் விழும். பொன்னிக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

முதல் நான்கரை வருடம் அவளைப் பார்த்துக்கொண்டது பெரியவரின் மகள். தினமும் சாயங்காலம் மடியில் போட்டுச் சீவுவாளாம். மேல்படிப்புக்காக மகள் வெளியூர் போன பிறகு பொன்னி அப்பாவின் பொறுப்பானாள். அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். சின்னச் சீப்பை இறுக்கிப் பிடித்துச் சிக்கெடுக்கிற வேலை அவர் கைகளால் ஆகாது. குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பாட்ட முடியும். அதனால் சீவுவது மெல்ல மெல்லக் குறைந்து, அந்த இடத்தைக் குளியல் எடுத்துக்கொண்டது.

மாதம் ஒரு குளியல், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் வாரம் இரண்டு. ஷாம்பூ வீட்டில் எல்லோரும் தலைக்குப் போடுவது. ஒரு பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டு, தீரும் வரை வாரக்கணக்கில் அதையே பயன்படுத்தியிருக்கிறார். குளித்த பிறகு ஒரு துண்டால் மேலாகத் துவட்டி விடுவார். மற்றது தானாகக் காயும். கடைசியில் கொஞ்சம் முகப் பவுடர். சீவுவது என்றால் மனிதர்களுக்கான பிளாஸ்டிக் சீப்பால் முதுகில் நாலைந்து இழுப்பு. காதுப் பக்கம் கை போனால் பொன்னி தலையைத் திருப்பிக்கொள்வாள், அதனால் காதைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

இதில் ஒன்றைக்கூடக் குற்றமாக நான் அவரிடம் சொல்லவில்லை. வலிக்கிற கையோடு வாரம் இரண்டு முறை குனிந்து நாயைக் குளிப்பாட்டுகிறவரிடம் என்ன குற்றம் சொல்வது?

மூக்கால் தேடுவது

நாறும் நாய் வந்தால் நான் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. முதலில் முகர்ந்து பார்ப்பேன். தலையிலிருந்து வால் வரை ஒவ்வொரு இடமாக, ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து. நாற்றம் உடம்பு முழுக்கப் பரவியிருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் கிட்டப் போனால் பெரும்பாலும் அது நாலைந்து இடங்களில்தான் குடியிருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி வாடை உண்டு. காதில் புளித்த மாவு வாடை வந்தால் ஒன்று, அழுகல் வாடை வந்தால் இன்னொன்று. பின்பக்கத்தில் மீன் வாடை அடித்தால் அது வேறு.

பொன்னியின் முதுகு வெறும் ஷாம்பூவும் பவுடரும்தான். முடி விலக்கிப் பார்த்தபோது தோல் வறண்டு, பொடுகு போலச் செதில் உதிர்ந்திருந்தது. அங்கே நாற்றமே இல்லை. பெரியவர் ஒன்றரை வருடமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய இடம் அது.

முகத்துக்குப் போனதும்தான் தெரிந்தது. ஸ்பேனியல்களுக்குக் கீழுதட்டின் ஓரத்தில், கோரைப்பல்லுக்குப் பக்கத்தில், தோல் மடிந்து ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும். எச்சிலும் தின்ற உணவின் துணுக்கும் அதில் தங்கும். காற்றுப் படாத, ஈரமான, வெதுவெதுப்பான இடம். பாக்டீரியாவும், ஈஸ்ட் என்கிற நுண்ணிய பூஞ்சையும் பெருக வேறென்ன வேண்டும்? பொன்னியின் உதட்டை மெல்ல விரித்துப் பார்த்தபோது மடிப்பு சிவந்து, பழுப்பு நிறப் பிசுக்கோடு இருந்தது. வாய் நாற்றம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும் பங்கு இங்கிருந்துதான் வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இந்த மடிப்பு கண்ணுக்கே தெரியாது. ஸ்பேனியல் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், எழுந்து போய் அந்த உதட்டை ஒரு முறை விரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து காதுகள். இரண்டு காதின் அடியிலும் முடி திரண்டு, தடித்த கம்பளித் துண்டு போலச் சடை பிடித்திருந்தது. தொங்கும் காதை மேலே தூக்கினால் உள்ளே அடர் பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. நாயின் காதுக் குழாய் மனிதக் காது மாதிரி நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். உள்ளே போன தண்ணீர் அந்த வளைவில் தங்கிவிடும். மேலே கனத்த காதுமடல் மூடிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் சடை. வாரம் இரண்டு முறை தலையில் ஊற்றிய தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் சடை, அதன் அடியில் மக்கிய வாடை. பாதங்களில் விரல்களுக்கு நடுவே முடி துரு நிறத்தில் இருந்தது. இது அழுக்கு நிறம் மாதிரி தெரியும், ஆனால் எச்சில் கறை. எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் வெளிர் முடியில் இப்படிச் சிவப்பேற்றும். துரு நிறப் பாதம் இருந்தால் அந்த நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். இதை ஒரு தாளில் குறித்து வைத்தேன். பின்னால் உதவியது.

பற்களின் பின்வரிசையில் காரை படிந்திருந்தது. பின்பக்கம், ஆசனவாய்க்கு இருபுறமும் கடிகாரத்தின் 4, 8 எண்கள் இருக்கும் திசையில் இருக்கிற இரண்டு சுரப்பிப் பைகளிலும் பிரச்சினை ஏதும் தெரியவில்லை. வாடையும் இல்லை, தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து இழுக்கும் பழக்கமும் இல்லை. அதனால் அவற்றை நான் தொடவில்லை. க்ரூமிங் என்றால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பைகளைப் பிதுக்கிவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. சரியாக வேலை செய்கிற பையை வீணாக அழுத்தினால் வீக்கம்தான் வரும்.

முன்காலின் உட்பக்கத்தில், தரையைத் தொடாமல் நிற்கும் கட்டைவிரல் நகம் வட்டமாக வளைந்து தோலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற நகங்கள் நடக்கும்போது கொஞ்சமாவது தேயும். இது தேயவே தேயாது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் சதைக்குள் இறங்கியிருக்கும்.

குளியல் எப்படிச் சடையை வளர்த்தது

பெரியவருக்கு நம்பவே முடியாமல் இருந்த விஷயம் இதுதான். தண்ணீர் பட்டால் சிக்கு விடும் என்று நினைத்திருந்தார். சடை பிடித்த முடி நனைந்தால் இன்னும் இறுகும். கம்பளி உடையை நனைத்துக் கசக்கினால் சுருங்கி விறைத்துப் போவதைப் பார்த்திருப்போம், கிட்டத்தட்ட அதே கதை. பொன்னிக்கு மேலே நீள முடி, அடியில் மென்மையான குட்டை உள்முடி. உதிரும் உள்முடி சீவி எடுக்கப்படாமல் மேல்முடியில் மாட்டிக்கொள்கிறது. அதை நனைத்து, வட்டவட்டமாகத் தேய்த்து, சடைக்குள் புகுந்த நுரையைச் சரியாக அலசாமல், துண்டால் கசக்கித் துவட்டினால், ஒவ்வொரு குளியலும் ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போடுகிறது. அடியில் இருக்கும் தோல் காயவே காயாது. அடுத்த குளியல் வருவதற்குள் அரைகுறையாகக் காய்ந்திருக்கும், மறுபடி நனையும். ஈரத் தோலில் நுண்ணுயிர்கள் பெருகி மறுநாளே வாடை கிளம்பும். வாடை வந்ததும் மறுபடி குளியல். ஒன்றரை வருடம் இந்தச் சக்கரம் சுற்றியிருக்கிறது.

முதுகில் சடை ஏன் இல்லை? அங்கே சீப்பு போனது. அதுவும் மேலாகத்தான். பிளாஸ்டிக் சீப்பு மேல்முடியில் வழுக்கிக்கொண்டு போகும், தோல் வரைக்கும் இறங்காது. சீவியாகிவிட்டது என்று கைக்கும் கண்ணுக்கும் தோன்றும். சீவியதா இல்லையா என்று பார்க்க ஒரே வழி, நெருக்கமான பல் உள்ள ஸ்டீல் சீப்பைத் தோல் வரை இறக்கி இழுத்துப் பார்ப்பது. எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

ஷாம்பூ விஷயமும் உண்டு. மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கமாக இருக்கும், மேலடுக்கும் நம்முடையதை விட மெல்லியது. நம் தலையின் பிசுக்கை எடுக்கச் செய்த ஷாம்பூவை வாரம் இரண்டு முறை அதன் மேல் போட்டால் தோலின் இயற்கையான எண்ணெய் போய்விடும். பொன்னியின் முதுகுச் செதில் அப்படி வந்ததுதான். அதைவிட எனக்குக் கவலை தந்தது அந்தத் தண்ணீர் கலந்த பாட்டில். கலந்த ஷாம்பூவை நாள்கணக்கில் வைத்திருந்தால் அதில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் வளரும். அதை நாயின் மேல் தேய்த்தால், ஓரிரு நாளில் முதுகில் கடுமையான வலியோடு கொப்புளங்கள் வெடித்து, காய்ச்சலோடு நாய் சுருண்டுவிடும் ஒரு தோல் நோய் இருக்கிறது. பொன்னிக்கு அது வரவில்லை. அன்றைக்கே பாட்டிலைக் கொட்டச் சொன்னேன். கலந்தால் அந்தக் குளியலுக்கு மட்டும் கலக்க வேண்டும், மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும்.

நான் செய்த தவறு

காது முடியை எப்படியாவது காப்பாற்றித் தர முடியுமா என்று பெரியவர் கேட்டார். மகள் வரும்போது பொன்னி பழைய மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த முகத்தைப் பார்த்து, முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சடையை விரலால் பிரித்து, சிக்கெடுக்கும் திரவம் போட்டு, மெல்லிய வளைந்த கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாக நாற்பது நிமிடம் முயன்றேன்.

பொன்னி கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. அதனால்தான் நான் தொடர்ந்தேன். ஆனால் அவள் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாள். உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. வலிக்கிறது, நிறுத்து என்று நாய் சொல்லும் வழி இதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நாற்பது நிமிடம் போயிருக்கக் கூடாது. ஏற்கெனவே புண்ணாயிருந்த காதின் மேல் இழுத்திருக்கிறேன். நிறுத்தும்போது சடையில் கால் பங்குகூடப் பிரிந்திருக்கவில்லை.

முடி திரும்ப வளரும், இந்த பயம் போக நாளாகும் என்று அவரிடம் சொன்னேன். அவர் பொன்னியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எடுத்துடுங்க தம்பி” என்றார்.

அன்று வேறெதையும் செய்யவில்லை. அந்தக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டிவிட்டு, நேராகக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன்.

மருத்துவர் பார்த்தது

காதில் எதையும் ஊற்றாமல் அனுப்பியதற்குக் காரணம் உண்டு. செவிப்பறை கிழிந்திருந்தால் சில காது சுத்தத் திரவங்களும் சொட்டு மருந்துகளும் உட்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்பதை ஓட்டோஸ்கோப் வைத்து மருத்துவர்தான் பார்க்க முடியும். நாற்றமடிக்கும் காதில் வீட்டிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், ஏதோ ஓர் எண்ணெய் என்று ஊற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிந்து துடித்த நாய் அப்புறம் யாரையும் காதைத் தொட விடாது. டீ ட்ரீ எண்ணெயை இயற்கையானது என்று தடவுவதும் உண்டு. செறிவான டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு.

பொன்னிக்குச் செவிப்பறை நன்றாகவே இருந்தது. காது அழுக்கைப் பஞ்சில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்ததில் மலசீசியா என்ற ஈஸ்ட் ஏராளமாக இருந்தது. நிலக்கடலை வடிவத்தில் இருக்கும், ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஆரோக்கியமான நாயின் தோலிலும் இது கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் பிசுக்கும் கிடைத்தால் அளவு மீறிப் பெருகிவிடும். உதட்டு மடிப்பில் ஈஸ்ட்டோடு பாக்டீரியாவும் இருந்தது. காதுக்குச் சொட்டு மருந்தும், தோலுக்கு 2% க்ளோர்ஹெக்ஸிடினும் 2% மைக்கோனசோலும் கலந்த மருந்து ஷாம்பூவும் எழுதிக் கொடுத்தார். முதல் மூன்று வாரம், வாரம் இரண்டு முறை குளியல்.

“அதேதானே தம்பி நானும் பண்ணினேன், வாரம் ரெண்டு?” என்று பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. எண்ணிக்கை அதேதான். முடி குறைக்கப்பட்டு மருந்து தோலைத் தொடும், ஈஸ்ட்டைக் கொல்லும் மருந்து அதில் இருக்கிறது, குளித்த பிறகு தோல் காயும். இந்த மூன்றும் முன்பு இல்லை.

சடை எடுத்த நாள்

மூன்று நாள் சொட்டு மருந்து போட்ட பிறகு, காது வலி கொஞ்சம் அடங்கியதும் பொன்னியை மேசையில் ஏற்றினேன். குளிக்கும் முன்பே சடை எடுக்க வேண்டும். முடி வெட்டும் மெஷினில் 10-ஆம் எண் பிளேடைப் போட்டேன், அது ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். நீளமாக விடும் பிளேடு சடைக்குள் நுழையாது. கத்தரிக்கோலை நான் எடுக்கவே இல்லை. சடை தோலைக் கூடாரம் போல மேலே இழுத்து வைத்திருக்கும், முடி எங்கே முடிந்து தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கத்தரியால் சடை வெட்டப் போய்த் தோலையே வெட்டித் தையல் போட்ட நாய்கள் நிறைய.

பிளேடு சூடேறும். சில நிமிடத்துக்கு ஒரு முறை என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சுட்டால் மாற்றினேன். இடது காதிலிருந்து சடை ஒரே துண்டாக, செருப்பின் அடித்தோல் மாதிரி கழன்று வந்தது. அடியில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் இறுக்கிப் பிடித்திருந்த சடை போனதும் காதுமடலில் ரத்த ஓட்டம் திடீரென்று கூடும், அரிப்பெடுக்கும். நாய் தலையை வேகமாக உதறும். காதின் நுனி அங்கேயும் இங்கேயும் மோதி, உள்ளே ரத்தக் குழாய் உடைந்து காதுமடலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அல்லது நுனியிலிருந்து சொட்டும். முடி எடுத்தவன் வெட்டிவிட்டான் என்று வீட்டார் நினைப்பார்கள். அதனால் சடை எடுத்த உடனே, இரண்டு காதையும் தலையோடு சேர்த்து, நெகிழும் மென்துணிப் பட்டையால் தளர்வாகச் சுற்றி வைத்தேன். இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வு. வீட்டுக்குப் போயும் ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு நாள் முழுக்க அதைப் போட்டிருக்கச் சொன்னேன். பொன்னி நாலைந்து முறை உதறினாள், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு எல்லாம் எடுத்தாயிற்று. முதுகு முடியை மழிக்கவில்லை. அங்கே சீப்பே போதும். அடியில் உள்முடி இருக்கிற நாய்க்கு வெயில் காலம் என்று ஒட்ட மழித்துவிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. நாய் உடம்பின் வெப்பத்தைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான். வியர்வைச் சுரப்பி பாதத் திண்டில்தான் முக்கியமாக இருக்கிறது. ஒட்ட மழித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதும் இல்லை.

பிறகுதான் குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்திலிருந்து கீழே. தலைக்கு ஈரத்துணி மட்டும். மருந்து ஷாம்பூவைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே இருக்காது. பத்து நிமிடம் ஒரு ஈர நாயோடு நிற்பது நீளமான நேரம். பொன்னிக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டே, தின்பண்டத்தைச் சின்னச் சின்னத் துணுக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அலசுவதற்கு ஷாம்பூ போட்டதைவிட இரண்டு மடங்கு நேரம். தண்ணீர் தெளிவாக ஓடிய பிறகும் இன்னொரு முறை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, காயக் காய சீவினேன். விரலைத் தோலில் வைத்தால் ஈரம் தெரியக் கூடாது, அது வரை.

அந்தக் கைகளுக்கு ஏற்ற வேலை

இனிமேல்தான் எனக்கு உண்மையான யோசனை வேண்டியிருந்தது. தினமும் அரை மணி சீவுங்கள் என்று வாதம் பிடித்த கையிடம் சொல்வதில் பயனில்லை. அவரால் எது முடியும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

ஸ்லிக்கர் பிரஷின் கைப்பிடியைத் துணியால் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தேன், உள்ளங்கையால் பிடிக்கலாம், விரலால் இறுக்க வேண்டாம். உடம்பு முழுக்கச் சீவ வேண்டாம். காதுக்கு அடி, அக்குள், தொடை இடுக்கு, இந்த மூன்று இடம் மட்டும் தினமும், மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கீழே விட்டுச் சீவுவதைக் காட்டிக் கொடுத்தேன். பொன்னியின் காது, அடிவயிறு, பாத முடியை ஆறு வாரத்துக்கு ஒரு முறை நானே குட்டையாக வைத்துவிடுகிறேன். நீள முடி அழகுதான். ஆனால் தினமும் சீவ ஆள் இருக்கிற வீட்டில்தான் அது அழகு.

உதட்டு மடிப்பை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். ஒற்றுவது முக்கியம், ஈரமாக விட்டால் துடைத்தும் பயன் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தைக் குறுகிய வாய் உள்ளதாக மாற்றச் சொன்னேன். அகலக் கிண்ணத்தில் குடிக்கும்போது ஸ்பேனியலின் காது இரண்டும் தண்ணீரில் மிதக்கும்.

நகத்தை வாரம் ஒரு முறை நுனி மட்டும். நகத்துக்குள்ளே சதையும் ரத்த நாளமும் ஓடுகிறது. நகம் நீள நீள அதுவும் நீளும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பின்வாங்கும். பொன்னியின் நகம் கறுப்பு, உள்ளே சதை தெரியாது. மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே வரும்போது வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். இந்த வேலை அவருக்கு ஒத்து வராது என்று தெரிந்ததால், அடுத்த வீட்டுப் பையனுக்குக் கற்றுக் கொடுத்தோம்.

பல் காரையைப் பின்னால் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்தார். அதற்குப் பிறகு தினமும் பல் துலக்கல், நாய்களுக்கான பற்பசையில். மனிதப் பற்பசை வேண்டவே வேண்டாம். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் தாக்கும்.

தொடுவதைப் பழக்குவது தனி வேலை. முதல் வாரம் காதைச் சுத்தம் செய்யவே வேண்டாம், தொட்டுவிட்டுத் தின்பண்டம் கொடுங்கள் என்றேன். மருந்து ஊற்றும் நேரம் தவிர, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை வெறும் தொடுதல், உடனே ஒரு துணுக்கு. நான் நாற்பது நிமிடத்தில் கெடுத்ததைச் சரிசெய்ய அவருக்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு

இரண்டாம் வாரம் வந்தபோது காது வாடை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உதட்டு மடிப்பு இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருந்தது. ஆறாம் வாரம் மருத்துவர் மறுபடி காது அழுக்கை எடுத்துப் பார்த்தார், ஈஸ்ட் வழக்கமான அளவில். முதுகுச் செதில் போயிருந்தது. குளியல் நாலு வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது, நாய்களுக்கான சாதாரண ஷாம்பூவில். பொன்னியின் எடையும் பசியும் அப்படியேதான் இருந்தன, ஆனால் சாயங்காலத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள் என்றார் பெரியவர். காது வலியோடு இருந்தபோது அதை யாரும் வலி என்று நினைக்கவில்லை, வயதாகிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

நாலாம் மாதம் பெரியவரிடமிருந்து போன். “தம்பி, வலது காது மட்டும் லேசா புளிச்ச வாடை. இடது காது சரியா இருக்கு. பாதம் ரெண்டும் மறுபடி சிவக்குது. டாக்டர்கிட்ட போறேன், உங்ககிட்டயும் சொல்லிடலாம்னு.”

முதல் நாள் தாளில் குறித்த துரு நிறப் பாதம் நினைவுக்கு வந்தது. சடையும் ஈரமும் போன பிறகும் காதும் பாதமும் திரும்பத் தொந்தரவு செய்தால் அடியில் ஒவ்வாமை இருக்கலாம். நாய்களில் திரும்பத் திரும்ப வரும் காதுத் தொற்றுக்கு அது ஒரு முக்கியக் காரணம். மருத்துவரும் அப்படித்தான் சந்தேகப்படுகிறார். தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்தை மாதம் தவறாமல் போடச் சொல்லிவிட்டு, எட்டு வாரம் ஒரே வகை மருத்துவ உணவு மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனையை ஆரம்பித்திருக்கிறார். இதை எழுதும்போது அதில் ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. விடை தெரிய இன்னும் நாள் இருக்கிறது. இந்த முறை காதுத் தொற்று ஒரு காதில், ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் சொட்டு மருந்திலேயே அடங்கிவிட்டது.

போன வாரம் முடி திருத்த வந்திருந்தார்கள். நான் ஈரத்துணியை எடுத்ததும் பொன்னி முகவாயைத் தூக்கி, உதட்டை என் பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவர் சட்டைப் பையில் தின்பண்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.